ஜட்கா எங்கிருந்து வந்தது? சொல்வேர் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட்டாரச் சொல் சேகரிக்கக் கிளம்பும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரே பயிற்சிதான். ஓடுகிற வண்டி குலுங்கி நிற்கிறது, கன்று கயிற்றை இழுக்கிறது, தூக்கத்தில் கால் துள்ளுகிறது. இப்படித் திடீரென்று வெட்டி அசைகிற அசைவுக்கு உங்கள் ஊரில் என்னென்ன சொல்கிறார்கள் என்று எழுதி வாருங்கள், அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் நினைப்பதையும் எழுதுங்கள் என்பேன்.

பென்னாகரம், காரிமங்கலம், ஊத்தங்கரை, தளி என்று எல்லாப் பக்கமிருந்தும் குறிப்பேடுகள் வரும். வெடுக், சடக், விசுக், படக், டக், சொடுக்கு, சுண்டி இழுப்பது, வெட்டி வெட்டி இழுப்பது, தூக்கிப்போடுவது. பஸ்ஸில் போகிறவர்கள் வாயிலிருந்து ஜெர்க். இவற்றோடு, குலுங்கிக் குலுங்கிப் போன குதிரை வண்டியின் பெயர் என்று வயதானவர்கள் சொன்ன ஜட்கா. சேகரிப்பு நன்றாகத்தான் இருக்கும். 'எங்கிருந்து வந்தது' என்ற பத்திக்கு வரும்போதுதான் எனக்குத் தலை வலிக்கும். ஆரம்பத்தில் நான் எழுதிவைத்த அதே கோளாறுகளை வரி மாறாமல் எழுதியிருப்பார்கள்.

எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர் விடுபடுதல், தேதி போடாமை எல்லாவற்றையும் இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றைத் திருத்த வகுப்பு ஆசிரியரே போதும்.

சொல்லைக் காட்டிப் பொருள் கேட்பது

“வெடுக்குன்னா என்னங்க?” என்று ஒரு பாட்டியிடம் கேட்டால், “சட்டுனு” என்பார். “சட்டுனுன்னா?” என்று கேட்டால், “வெடுக்குனு” என்பார். அத்தோடு பேட்டி முடிந்தது. யாரிடம் கேட்டாலும் இப்படித்தான் நடக்கும், ஏனென்றால் யாரும் சொல்லைப் பொருளோடு தூக்கிக்கொண்டு அலைவதில்லை. சொல் ஒரு காரியத்தோடு ஒட்டிக் கிடக்கிறது.

காரியத்தைப் பாருங்கள். கையிலிருக்கும் பொருளைப் பிடுங்கும்போது வெடுக்கென்று பிடுங்கினான் என்கிறார்கள். அதே சொல்லைப் பேச்சுக்கும் போடுகிறார்கள்: அவள் வெடுக் வெடுக்கென்று பேசுவாள். கை அசைவைச் சொன்ன சொல் ஆளின் சுபாவத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஆனால் விசுக்கென்று எழுந்து போனான் என்று சொல்கிறவர் விசுக்கென்று பேசினான் என்று சொல்வதில்லை. குச்சி சடக்கென்று முறியும், வெடுக்கென்று முறியாது. எது எதோடு சேர்கிறது, எதோடு சேர மறுக்கிறது என்ற பட்டியலில்தான் பொருள் இருக்கிறது. நாம் எழுதுகிற விளக்கம் அதற்கு அப்புறம்தான்.

சொடுக்கு என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டையைச் சொடுக்குவது, விரலைச் சொடுக்குவது, நெட்டி முறிக்கும்போது கேட்கும் சொடக்கு, கண் சொடுக்கும் நேரம் என்று அது ஒரு வட்டமே போட்டிருக்கிறது. சுருக்கமான ஓர் இழுப்பு, முடிவில் ஒரு சத்தம். இந்த இரண்டும் சேர்ந்த இடமெல்லாம் சொடுக்குக்குச் சொந்தம். இதை எந்தப் பாட்டியும் விளக்கமாகச் சொல்லமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால் தானாகப் பிடிபடும்.

இன்னொன்று. ஒரே ஒலியில் இரண்டு சொல் இருக்கலாம். ஈழத்தில் மீன் நாற்றத்தை வெடுக்கு என்பார்கள். அதையும் நம் வெடுக்கையும் ஒரே எண்ணின் கீழ் எழுதி, “நாற்றம் மூக்கை வெடுக்கென்று தாக்குவதால்” என்று பசை போட்டு ஒட்டாதீர்கள். அப்படி ஒட்டிய ஒரு குறிப்பேடு இப்போது என் மேசையில் இருக்கிறது.

ஒலி ஒத்திருந்தால் உறவு என்று முடிவு கட்டுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும். இன்னும் எரிச்சல் தீரவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் மாவட்டத்துச் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு நூல் வந்தது. உழைப்பெல்லாம் சரிதான். அதில் ஜட்கா என்ற பதிவுக்கு எதிரே இப்படி இருந்தது: சடக்கு என்றால் சாலை, சாலையில் சடக் சடக் என்று ஓடுவதால் சடக்கா, அது மருவி ஜட்கா, எனவே தூய தமிழ்ச் சொல். மூன்று வெவ்வேறு சொற்களை ஒரே கயிற்றில் கட்டி, முடிச்சுக்குப் பெயர் 'எனவே' என்று வைத்திருந்தார்கள்.

அந்தப் பதிவு நூலோடு நின்றிருந்தால் நான் மறந்திருப்பேன். ஒரு பள்ளிக்கூட வினாடி வினாவில் அது விடையாக வந்தது. வீட்டில் உருது பேசும் ஒரு பெண் குழந்தை, “இது எங்க பாஷைச் சொல்லுங்க” என்று எழுந்து சொன்னாள். தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அப்புறம் ஒரு கருத்தரங்கக் கட்டுரை அந்த நூலை மேற்கோள் காட்டியது, அந்தக் கட்டுரையை இன்னொன்று காட்டியது. இப்போது மூன்று இடத்தில் அச்சில் இருக்கிறது என்பதே ஆதாரம் ஆகிவிட்டது. நூலுக்குத் திருத்தச் சீட்டு அடித்து ஒட்டினார்கள். ஒட்டாமல் வெளியே போன பிரதிகளே அதிகம்.

சரி, அந்தக் கயிற்றை அவிழ்ப்போம்.

முதலில் சாலை. சாலையைச் சடக்கு என்று சொல்வது மலேசியத் தமிழர்களிடம் இன்றும் உண்டு. அது இந்தி, உருதுவில் சாலையைக் குறிக்கும் சடக் என்ற சொல். அங்கே கடைசி எழுத்துக்கு முன்னால் இருப்பது நாக்கை மடித்து உதறும் ஓர் ஒலி. தமிழ்க் காதுக்கு அது ட என்று விழுந்தது. இதற்கும் குலுக்கலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அடுத்து, முறிகிற குச்சியின் சடக். இது நம் வீட்டுப் பிள்ளை. எப்படித் தெரியும்? அதன் உடன்பிறப்புகளைப் பாருங்கள். சட், சடக், சடார். பட், படக், படார். மட், மடக், மடார். அடிச்சொல் ஒன்று; அதோடு 'அக்' சேர்ந்தால் ஒரு சின்ன, அளவான அசைவு; 'ஆர்' சேர்ந்தால் பெரிய, வலுவான அசைவு. கதவு படக்கென்று சாத்துவதற்கும் படாரென்று சாத்துவதற்கும் உள்ள வித்தியாசம் வீட்டில் சண்டை நடந்திருக்கிறதா என்பதைச் சொல்லிவிடும். இத்தனை ஒழுங்கான வரிசைக்குள் உட்கார்ந்திருக்கும் சொல்லுக்கு வெளியே போய் அப்பா தேடவேண்டியதில்லை.

இனி ஜட்கா. இதற்குத் தமிழில் அப்படி ஒரு குடும்பம் இருக்கிறதா? ஜடக் இல்லை, ஜடார் இல்லை. வண்டி ஜடக்கென்று நின்றது என்று யாரும் சொல்வதில்லை. தனியாக நிற்கிறது. இந்திக்குப் போனால் குடும்பமே வாசலில் வந்து நிற்கிறது: ஜட் என்றால் உடனே, ஜட்பட் என்றால் சட்டுபுட்டென்று, ஜடக்னா என்றால் உதறுவது, ஜட்கா என்றால் உதறல், குலுக்கல், திடீர் அடி. நாம் ஜ என்று எழுதுவது அங்கே மூச்சோடு வரும் ஜ. தமிழில் அந்த மூச்சு உதிர்ந்துவிட்டது.

சொல்லின் தலையையும் வாலையும் பாருங்கள். ஜ-வில் தொடங்குவது பழந்தமிழ்ச் சொல்லின் வழக்கமில்லை. ஆ-வில் முடிகிற வடிவத்தை நம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றாலே கேட்கலாம்: பட்டா, சிட்டா, ஜில்லா, அந்தத் தாலுகாவே ஒன்று. பிரியாணிக் கடைக்குப் போனால் குஸ்கா. இவை வந்த வழியில்தான் ஜட்காவும் வந்தது. தமிழ்ச் சடக், ஜட்காவாக மாறியது என்று வாதிடுகிறவர், ச ஏன் ஜ ஆனது, நடுவில் இருந்த அகரம் ஏன் விழுந்தது, கடைசியில் ஆ எதற்காக ஒட்டியது என்று மூன்று கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும். கடன் வாங்கினோம் என்று வைத்தால் மூன்றும் ஒரே வரியில் தீர்ந்துவிடுகின்றன.

எழுத்துச் சான்றும் இருக்கிறது. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி இந்தச் சொல்லைச் சென்னை நகரத்து வாடகை வண்டி என்று பதிவு செய்து, தக்காணத்து இந்துஸ்தானிச் சொல்லான ஜட்காவிலிருந்து வந்தது என்கிறது. பர்னல் தென்னிந்தியாவில் நீதிபதியாக வேலை பார்த்தவர்; தெற்கத்திய மொழிகள் படித்தவர். அந்த அகராதி 'விரைவு' என்று பொருள் சொல்கிறது. குலுங்குவதால் வந்த பெயரா, விரைந்து போவதால் வந்த பெயரா என்று என் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொள்வார்கள். இரண்டும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். திடீரென்று அசைவதும் உடனே நடப்பதும் இந்தியில் மட்டுமா ஒன்றாக இருக்கின்றன? நம் சட்டென்று என்பதும் இரண்டையும்தான் சொல்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. சொல் வடக்கத்தியது. ஆனால் அதை வண்டிக்குப் பெயராக வைத்தது தெற்கு. வடக்கே குதிரை வண்டியை எக்கா என்பார்கள், டாங்கா என்பார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஜட்கா என்றால் வண்டி. அப்படியானால் யார் வைத்த பெயர்? தெற்கே இருந்துகொண்டு தக்காண உருது பேசியவர்கள். வண்டி ஓட்டிய பலர் அவர்கள்தான். கன்னடத்தில் டி.வி. குண்டப்பா 1943-இல் வெளியிட்ட மங்குதிம்மன கக்கா தொகுப்பில், வாழ்க்கையை ஜட்கா வண்டி என்றும் விதியை அதன் ஸாஹேபன் என்றும் சொல்லும் பாட்டு ஒன்று உண்டு. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி போய்விட்டால் டீக்கடையில்கூட அதைச் சொல்வார்கள். வண்டிக்காரன் என்று எழுத இடமிருந்தும் ஸாஹேபன் என்று அவர் எழுதியதைக் கவனியுங்கள். ஜட்கா ஓட்டுகிறவர் முஸ்லிம் பெரியவர் என்பது அன்றைய வாசகனுக்கு விளக்காமலே தெரிந்த விஷயம். சொல் எந்த வாய் வழியாக வந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் அகராதியில் கிடைக்காது.

அந்தச் சிறு நூலுக்காகக் கிருஷ்ணகிரியில் ஒரு பழைய ஜட்காக்காரரைப் பேட்டி எடுத்திருந்தார்கள். குறிப்பில் இருந்தது ஒரே வரி: 'ஜட்கா – குதிரை வண்டி.' கூடப்போன பையனிடம் பிறகு கேட்டேன். அவர் நிறையப் பேசினாராம். பின்னால் ஆள் அதிகமாக ஏறினால் குதிரை தூக்கிக்கொள்ளும் என்று முன்னால் நகரச் சொல்வதை நடித்துக் காட்டினாராம். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் உள்ளே இருக்கிற பெண்டாட்டி “ஜட்கா லகா”, அதாவது தூக்கிப்போட்டது, என்று கத்துவாள் என்று சொல்லிச் சிரித்தாராம். வேர் அங்கேயே, அந்தச் சிரிப்பிலேயே இருந்தது. ‘அது துலுக்கப் பேச்சு சார், தமிழ் இல்லையே’ என்று சொல்லிப் பையன் அதை எழுதாமல் விட்டிருந்தான். அந்தப் பெரியவர் இப்போது இல்லை. தவறான விளக்கத்துக்குச் சீட்டு ஒட்டலாம், எழுதாமல் விட்டதற்கு என்ன ஒட்டுவது?

இதைப் படித்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்களும் உண்டு. 'அப்படியென்றால் சட்டென்று, சடுதி, சடக் எல்லாமே வடமொழிதானே சார்' என்பார்கள். அதுவும் அதே தவறு, திசைதான் வேறு. சடுதி விஷயத்தில் சரி. சமஸ்கிருதத்தில் உடனே என்று பொருள்படும் ஜடிதி என்ற சொல்லிலிருந்து அது வந்ததென்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி சொல்கிறது. சடிதி என்ற இடைவடிவமும் தமிழில் கிடைக்கிறது, பொருளும் இம்மி பிசகாமல் பொருந்துகிறது. ஆனால் சட்டென்று என்பதற்கு அந்தச் சான்று இல்லை. அதன் உறவு சடக், சடாரோடு.

அந்த ஜட் என்ற ஒலி வடக்கேயும் ஒலிக்குறிப்பாகப் பிறந்ததுதான். மூச்சோடு வரும் அந்த ஜ, வேதகால மொழியில் ஏறக்குறைய இல்லவே இல்லை. பிற்கால மொழியில் வருகிற சொற்களில் பல ஒலிக்குறிப்புகள். திராவிட மொழிகளும் வட இந்திய மொழிகளும் இந்த வகைச் சொற்களை ஒரே பாணியில் உண்டாக்குகின்றன என்பதை எமனோ 1969-இல் ஒரு தனிக் கட்டுரையாகவே எழுதினார். பரோவோடு சேர்ந்து திராவிட வேர்ச்சொல் அகராதியை உருவாக்கியவர் அவர். பல நூற்றாண்டு பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்த மொழிகளில் சட்டும் ஜட்டும் எதிரொலிப்பதில் வியப்பில்லை. வெறும் ஒலிக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யார் யாரிடம் வாங்கினார்கள் என்று பஞ்சாயத்து செய்ய உட்காராதீர்கள். ஜட்கா போல வாலும் வழியும் தெளிவாக இருக்கும் சொல்லுக்குத்தான் தீர்ப்பு எழுதமுடியும்.

ஒலி ஒத்திருப்பது ஏன் சான்று ஆகாது என்பதற்கு ஆங்கில ஜெர்க்கே போதும். தொப்பூர் கணவாயில் இறங்கும் பஸ்ஸில் “டிரைவர் ஜெர்க் குடுக்கறாரு” என்று நாம் சொல்லும் அந்த ஜெர்க், 16-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் சாட்டையடியைக் குறித்தது. அதிலிருந்து திடீர் இழுப்புக்கு வந்தது. அமெரிக்காவில் உலர்த்திய இறைச்சியை, நம் உப்புக்கண்டம் மாதிரி ஒன்றை, ஜெர்க்கி என்பார்கள். பல்லால் கடித்து வெடுக்கென்று இழுக்கவேண்டியிருப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பெரு நாட்டுப் பக்கம் பேசப்படும் கெச்சுவா மொழியின் சார்க்கி என்ற சொல். ஸ்பானிஷ்காரர்கள் வாயில் சார்க்கீ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்ததும் ஜெர்க்கியாக உருமாறியது. ஒரே ஊரில் ஒரே எழுத்தில் எழுதும் இரண்டு சொல், பிறந்த இடம் இரண்டு கண்டம்.

அதேபோல, சாட்டையடியும் திடீர் இழுப்பும் ஆங்கில ஜெர்க்கில் சேர்ந்திருக்கின்றன, நம் சொடுக்கிலும் சேர்ந்திருக்கின்றன. அதனால் சொடுக்குதான் ஜெர்க் ஆனது என்று தயவுசெய்து கிளம்பாதீர்கள். சாட்டை எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் அசையும்.

மாறாக, ஒலி ஒத்துப்போகாத இடத்தில் உறவு கல் மாதிரி உறுதியாக இருக்கும். ஒகேனக்கல்லில் இருக்கும் ஹொகெ கன்னடம்; நம் புகை. காதுக்கு இரண்டும் தூரம். ஆனால் பால் ஹாலு ஆகிறது, புலி ஹுலி ஆகிறது, பத்து ஹத்து ஆகிறது. பழைய ப, கன்னடத்தில் ஹ ஆவது வரிசை வரிசையாக நடந்திருக்கிறது. புகையும் ஹொகெயும் அந்த வரிசையில் ஒன்று. உறவு என்பது இப்படி ஊரே சேர்ந்து மாறியிருக்கும் ஒழுங்கில் தெரியும். இரண்டு சொல் மட்டும் தனியாகச் சந்தித்துக் கைகுலுக்கினால் பெரும்பாலும் தற்செயல்.

'மருவி' என்று எழுதுவது

எந்த ஒலி, எந்த ஒலியாக, வேறு எந்தச் சொல்லிலும் அப்படி மாறியிருக்கிறதா என்று அடுத்த வரியில் எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் அடித்துவிடுங்கள்.

மூலமொழியின் பொருளையெல்லாம் நம் சொல்லின் தலையில் ஏற்றுவது

இந்தி, உருதுவில் ஜட்காவுக்குப் பொருள் நிறைய. மின்சாரம் தாக்கினால் ஜட்கா. தேர்தலில் கட்சி தோற்றால் பத்திரிகைத் தலைப்பில் ஜட்கா. ஆட்டை ஒரே வெட்டில் வெட்டும் முறையும் ஜட்கா. சீக்கியர்களில் இறைச்சி உண்கிறவர்களுக்கு உரியது அந்த முறை. ஓர் ஆர்வக்கோளாறு இவை எல்லாவற்றையும் இணையத்தில் எடுத்து, தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் ஆறு என்று எண் போட்டுக்கொண்டு வந்தார். தமிழில் பொருள் ஒன்றுதான்: வண்டி. நம்மவர்கள் குலுக்கலை வாங்கவில்லை. அதற்கு வீட்டிலேயே வேண்டிய மட்டும் சொல் இருந்தது. வண்டி புதிது, அதனால் வண்டியின் பெயர் மட்டும் வந்தது. கடன் சொல் பெரும்பாலும் இப்படி ஒரு பையோடுதான் வரும், வீட்டைக் காலி செய்துகொண்டு வராது.

மின்சாரம் தாக்கினால் நாம் ஷாக் அடித்தது என்கிறோம். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உருது பேசுகிற வீட்டில் அதே நேரத்தில் ஜட்கா என்பார்கள். இரண்டையும் எழுதுங்கள், யார் சொன்னது என்பதோடு.

நான்கு மொழி ஊரில் ஒரு காதோடு போவது

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் கேட்கும். சந்தையில் தமிழில் பேசுகிறவர் வீட்டுக்குள் போனதும் தெலுங்கில் பேசுவார். அவர் சொன்ன ஒரு சொல்லைத் 'தர்மபுரித் தமிழ்' என்று பதிவதற்கு முன்னால், வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று கேளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பெருமையாகவே சொல்வார்கள்.

இந்தப் பக்கத்துக்கு இது நேற்று வந்ததில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் பாராமகால் என்று பெயர் வாங்கிய சீமை. ஹைதர், திப்பு கையில் இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனிக்குப் போனது. மைசூர்ப் படை, அதன் குதிரைக்காரர்கள், வரி எழுதிய கணக்கர்கள் என்று ஆட்கள் மாறிக்கொண்டே இருந்த இடத்தில் சொல்லுக்கு மட்டும் வேலி போட முடியுமா? தர்மபுரி மாவட்டம் 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி தனியானது. சொற்கள் அந்த எல்லைக்கல்லைப் பார்த்ததேயில்லை.

அதற்காக, ஓசூரில் கேட்டதால் கன்னடம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுவதும் கூடாது. தெரிந்த சொல்லையே எல்லைக்கு அந்தப் பக்கம் கேட்டால் சிலருக்கு அது அந்நியமாகத் தோன்றிவிடுகிறது.

அகராதியின் ஆண்டைச் சொல்லின் பிறந்தநாளாக எடுத்துக்கொள்வது

1886-இல் ஜட்கா ஹாப்சன்-ஜாப்சனில் ஏறியது. அதற்கு முன்பே அது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. 'அதற்குப் பிறகு பிறந்ததில்லை' என்று சொல்ல ஆண்டு உதவும், 'அதற்கு முன்பு பிறந்ததில்லை' என்று சொல்ல உதவாது.

பழைய இலக்கணத்தை முட்டுக்கொடுப்பது

'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்று தொல்காப்பிய உரியியலில் ஒரு நூற்பா இருக்கிறது. இந்த அசைவுக் கூட்டத்துக்குக் கிடைத்த பழைய பொருள்விளக்கங்களில் அதுவும் ஒன்று. விதிர்விதிர்த்து என்று திருவாசகத்திலும் பார்க்கலாம். இதைக் கண்டதும் ஒருவர், விதிர் என்பதிலிருந்துதான் விசுக், வெடுக், வெட்டு எல்லாம் பிறந்தன என்று இரண்டு பக்கம் எழுதினார். காரணம்? எல்லாம் வ-வில் தொடங்குகின்றன.

அந்த நூற்பாவை எடுத்த கையோடு உரியியலின் கடைசிப் பக்கத்தையும் புரட்டியிருக்கலாம். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று அங்கேயே எழுதிவைத்திருக்கிறார்கள். சொல்லுக்கு இந்தப் பொருள் வந்த காரணம் பார்த்தவுடன் புலப்படாது என்று. இலக்கணம் எழுதியவரே நிதானமாக இருக்கும்போது நமக்கென்ன அவசரம்.

அழகான கதையை நம்புவது

காக்காய் வலிப்பு உண்மையில் கால் கை வலிப்பு என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு ஒளி வரும். இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்கிறவர் இடைவடிவம் ஒன்றையாவது ஏட்டிலோ பேச்சிலோ எடுத்து வைக்கவேண்டும். முகத்து ஒளியை எழுதிக்கொள்ள என் படிவத்தில் பத்தி இல்லை.

“நெட்டுல பார்த்தேன் சார்”

நானும் பார்த்தேன்.

கூட்டமாகப் போய்ப் பேட்டி எடுப்பது

தை மாதம் எருது விடும் விழாவுக்குச் சேகரிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இது. ஏழெட்டுப் பேர் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றால் மாடு பிடிக்கிறவர் மேடைத் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார். 'காளை வேகமாக ஓடியது' என்ற வாக்கியத்துக்காக வேப்பனப்பள்ளி வரைக்கும் பஸ் ஏறவேண்டியதில்லை. ஒருவர் மட்டும் போங்கள், கயிறு கையைவிட்டு நழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். மாடு தலையை உதறும்போது பிடித்திருப்பவர் பக்கத்து ஆளிடம் என்ன கத்துகிறாரோ அதை, எந்த மொழியில் கத்தினாலும், அப்படியே எழுதுங்கள். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் எழுதுங்கள். எங்கிருந்து வந்தது என்ற பத்தியை இந்த முறை காலியாக விட்டுக் கொடுத்தால் போதும்.